தலைகீழாய் உண்ணும் பூநாரை

வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் சிறுத்தையைத் தேடி நாள் முழுக்க ஜீப்பில் அலைவார்கள். அதற்கு வடக்கே, வங்காலைச் சரணாலயத்தில் அந்த அலைச்சல் இல்லை. மன்னார்த் தாம்போதியில் நின்றாலே போதும். மாரி மழை ஓய்ந்த மாதங்களில் இரு பக்கக் களப்பிலும் இளஞ்சிவப்பாய்ப் பூநாரைக் கூட்டம் தெரியும்.

தொலைநோக்கி இருந்தால் ஒரே ஒரு பறவையின் தலையை மட்டும் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரப் பறவை, கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்க்கிறது. மேல் அலகு கீழே போய்விடுகிறது. அலகு நடுவில் மடிந்திருப்பது இதற்காகத்தான். தடித்த நாக்கு கைப்பம்பின் தண்டுபோல விநாடிக்குப் பல முறை முன்னும் பின்னும் ஓடி, சேற்றுநீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரங்களில் வரிவரியாக உள்ள மெல்லிய தகடுகள் நீரை விட்டுவிட்டுச் சிறு இறால்களையும் புழுக்களையும் பாசியையும் பிடித்துக்கொள்கின்றன.

கால்களும் சும்மா இருப்பதில்லை. இடத்தைவிட்டு நகராமல் சேற்றை மிதித்துக்கொண்டே இருக்கும். மிதிக்கும் கால்களும், சட்டென்று மேலே இழுக்கும் தலையும் நீரில் சுழிகளை உண்டாக்கி இரையை அலகுப் பக்கம் திரட்டுகின்றன என்று, சிலிப் பூநாரை என்ற இனத்தை வைத்துச் செய்யப்பட்டு 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒதுங்கி நின்று வடிகட்டும் பறவை என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். உண்மையில் அது வேட்டையாடுகிறது!

சிவப்பும் உணவிலிருந்து வருவதுதான். பாசியிலும் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் இறகில் படிகின்றன. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள். முழு நிறம் ஏறச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

வெயில் காலத்தில் உப்புப் பூத்துக் கிடக்கும் இந்த வெளியைத் தரிசு என்பவர்கள் உண்டு. அது பெரும் பிழை. ஆழமற்ற இந்த உவர்நீர் இல்லாவிட்டால் பூநாரைக்கு இங்கே வேலையே இல்லை. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் இந்தப் பகுதியில் மின்கம்பிகளில் மோதிப் பூநாரைகள் இறந்திருக்கின்றன. பறவை பறக்கும் வழியில் கம்பியை நிலத்தடியில் கொண்டுபோக வேண்டும். முடியாத இடத்தில் கண்ணுக்குத் தெரியும் தகடுகளையாவது கட்ட வேண்டும். பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். மிரண்டு எழும் ஒவ்வொரு முறையும் அவை தின்னும் நேரமும் தின்று சேர்த்த வலுவும் வீணாகின்றன.