கதிரையிலிருந்து எழும்பும் கால்

இலுப்பைக்கடவையில் அறுபது தாண்டிய ஒருவரிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றால், "நாங்கள் செய்யாத வேலையா?" என்று திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்வி. வள்ளம் தள்ளி, வலை இழுத்து, நெல்மூட்டை சுமந்த உடம்பு அது. ஆனால் வள்ளம் மகனின் கைக்குப் போய்விட்டது. வயலில் மெஷின் அறுக்கிறது. உடம்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பாரம் நின்றுவிட்டது.

தேத்தண்ணியைக் குடித்தபடி ஆறுதலாகக் கேளுங்கள். நடுவயதிலேயே மெல்லக் குறையத் தொடங்கும் தசை, அறுபதுக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. அதிலும் கூடுதலாக மெலிவது சட்டென்று இயங்கும் தசைநார்கள். கிணற்றடியில் வழுக்கினால், மற்றக் காலை முன்னே வைத்து விழாமல் தாங்குவதற்கு அவைதான் வேண்டும். ஏ32 வீதியோரம் விடிய நடந்து வருகிறேன், அது போதாதா என்பீர்கள். நடை இதயத்துக்கு நல்லது, சீனி வருத்தத்துக்கும் நல்லது, விடவே வேண்டாம். ஆனால் இந்த நார்களுக்கு நடை மட்டும் காணாது, பாரம் வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 65 தாண்டியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிட நடையளவு உழைப்போடு, இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சொல்கிறது.

பாரத்துக்கு எங்கும் போகத் தேவையில்லை, உங்கள் உடம்பே பாரம்தான். கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழும்புங்கள், மெதுவாக இருங்கள். பத்துத் தரம். முழங்கால் நொந்தால், இருக்கையில் ஒரு தலையணையை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். பெண்கள் வீதியில் நடக்கக் கூச்சப்பட்டாலும் இதற்குக் குசினியே போதும். அடுப்பில் தண்ணி கொதிக்கும் நேரத்தை இதற்கென்று வைத்துவிடுங்கள். தேத்தண்ணி ஒருநாளும் தவறாது என்பதால் பயிற்சியும் தவறாது. "நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்று விட்டவர்கள் தொடர்ந்து செய்து நான் காணவில்லை.

இந்த வயதில் இனிப் பலம் ஏறுமா என்ற சந்தேகம் வரும். 1990இல் அமெரிக்காவின் பொஸ்டனில், முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் இருந்த, தொண்ணூறு வயதையொட்டிய, மெலிந்துபோனவர்களுக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்து மாவட்டத்தையே பாருங்கள். முல்லைத்தீவு அகிலத்திருநாயகி, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 72 வயதில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். எல்லாரும் ஓட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்த வயதிலும் உடம்பு பயிற்சியை ஏற்கும், அதை நம்புங்கள்.

தொடங்குவது பெரிய கஷ்டமில்லை. இடையில் விட்டுப்போவதுதான் ஆளை வீழ்த்துகிறது. ஐப்பசி கார்த்திகை மழை, காய்ச்சல், செத்தவீடு, மகளின் பிள்ளைப்பேறு என்று எப்படியும் விட்டுப்போகும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சுகதேகிகளான முதியவர்களைப் பத்தே பத்து நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. ஆகவே காய்ச்சலால் எழும்பிய பிறகு கால் நடுங்கினால், "வயசு போய்விட்டது, இனிச் சரிவராது" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நடுக்கத்தில் பெரும்பங்கு படுக்கையால் வந்தது.

திரும்பத் தொடங்கும்போது விட்ட நாட்களையும் சேர்த்துச் செய்யப் பார்க்க வேண்டாம். அப்படிச் செய்துதான் நாரியைப் பிடித்துக்கொண்டு மறுபடி படுக்கிறார்கள். பத்துத் தரம் எழும்பியவர் ஐந்தில் தொடங்கட்டும். அதுவும் ஏலாவிட்டால் மேசையைப் பிடித்துக்கொண்டு மூன்று. சீனிக்கு ஊசி போடுபவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டே செய்யுங்கள். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ஒன்றுமில்லையென்றால், இரண்டு மூன்று கிழமையில் பழையபடி பத்துக்கு வந்துவிடலாம்.