மோட்டார் சைக்கிள் ஹேண்டிலும் நம்ம கை உளைச்சலும்



லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்பது இப்போது புதுமை இல்லை. ஒரு காலத்தில் துரைமாரும் உத்தியோகத்தர்களும் மட்டும் ஓட்டிய வண்டி இது. இன்று கண்டி டவுனில் கடையில் நிற்கும் பிள்ளையும், மேசன் வேலைக்குப் போகும் தகப்பனும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை, ஹந்தானைப் பக்கம் பஸ் தவறிய நேரத்தில் வண்டி தான் துணை.

வண்டியோடு சேர்ந்து ஒரு முறைப்பாடும் வந்திருக்கிறது. "ஐயா, கண்டிக்குப் போய் வந்தா கை விறைச்சுப் போவுது." "தோள்பட்டை ரெண்டும் கடுக்குது ஐயா." இப்படிச் சொல்லாத ஆள் குறைவு. தைலம் தடவுகிறார்கள், பனடோல் போடுகிறார்கள், மலைப் பாதை என்றால் அப்படித்தான் என்று விட்டு விடுகிறார்கள்.

பாதையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. இது சொகுசுக்காகச் சொல்லும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். இறக்கத்தில் விறைத்துப் போன விரல் பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. நாம் இதை எழுதுவது அதற்காகத்தான்.

ஏன் கை வலிக்கிறது?

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. கம்பளை, புஸ்ஸல்லாவை, ரம்பொடை வழியாக ஏறும் பாதை முழுவதும் வளைவு தான். திரும்பி இறங்கும்போது நம்முடைய உடம்பு முன்னால் சரிகிறது. அந்தப் பாரத்தை இரண்டு உள்ளங்கைகளும் தாங்குகின்றன. எஞ்சின் நடுக்கமும் குழிகளின் அடியும் அதே கைகளுக்குத் தான் வருகின்றன.

மணிக்கட்டின் நடுவால் ஒரு நரம்பு போகிறது. அது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்வு கொடுக்கிறது. உள்ளங்கையின் வெளி ஓரத்தால் போகும் நரம்பு சின்ன விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் உரியது. மணிக்கட்டு வளைந்தபடி இருந்தாலோ, உள்ளங்கை நெடுநேரம் அழுத்தப்பட்டாலோ இந்த நரம்புகள் நசுங்குகின்றன. விறைப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் அப்படித்தான் வருகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில் தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் நம்மவர்கள் பலர் வாங்கியது கை மாறிய பழைய வண்டி. முன்பு வைத்திருந்தவர் உயரமானவராக இருந்திருக்கலாம். அவருடைய அளவுக்குத் திருப்பிய ஹேண்டிலை நாமும் அப்படியே பிடித்துக் கொண்டு ஓடுகிறோம். அடுத்தவர் சட்டையைப் போட்டால் நமக்கு அளவாக இருக்குமா?

முதலில் அளவு பாருங்கள்

சமதரையில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கைகளை ஹேண்டிலில் வைத்துக் கொண்டு வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

தோள்பட்டை காதுப் பக்கம் தூக்கி நிற்கக் கூடாது. முழங்கை விறைப்பாக நீளாமல் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். விரல்களை நீட்டி பிரேக் லீவரின் மேல் வைத்தால், முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல் பக்கமாக மடிந்தால் லீவர் அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. கீழ்ப் பக்கமாக மடிந்தால் லீவர் தாழ்ந்து கிடக்கிறது.

பின்னால் மனைவியையோ பிள்ளையையோ ஏற்றினால் நாம் முன்னால் தள்ளி உட்காருகிறோம். அப்போது முழங்கை இன்னும் மடியும். ஆகவே தினமும் இரண்டு பேராகப் போகிறவர்கள், ஒருவர் முன்னால் நின்று வண்டியைப் பிடித்திருக்க, இரண்டு பேரும் உட்கார்ந்தே அளவு பார்க்க வேண்டும்.

திருப்பும் முறை

1. ஹேண்டில் குழாயை மேலிருந்து பிடித்திருக்கும் கிளாம்புகளில் நான்கு போல்ட்கள் இருக்கும். ஆரம்பிக்கும் முன் குழாயும் கிளாம்பும் சேரும் இடத்தில் கொஞ்சம் பெயிண்டோ கியூடெக்ஸோ தொட்டு அடையாளம் வையுங்கள். சரிவராவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டு வரலாம். பல வண்டிகளில் கம்பனியே ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். அது தான் அவர்கள் வைத்த அளவு.

2. போல்ட்களைக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். ஹேண்டிலை நம்ம பக்கம் சுழற்றினால் பிடி கிட்டே வந்து தாழும். முன்னால் சுழற்றினால் தள்ளிப் போய் உயரும். ஒரு தடவைக்கு நாலைந்து மில்லிமீற்றருக்கு மேல் சுழற்ற வேண்டாம்.

3. அதன் பிறகு பிரேக், கிளச் லீவர்களின் பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டு நேராக வரும்படி வையுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் எண்ணெய்ப் போத்தல் சரிந்து நிற்கக் கூடாது. கண்ணாடிகளும் அசைந்திருக்கும். அவற்றையும் சரி பண்ணுங்கள்.

4. நான்கு போல்ட்களையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சில வண்டிகளில் முன் பக்கத்து போல்ட்களை முதலில் இறுக்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ளபடி செய்வது தான் சரி. ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்க வேண்டாம், மரை போய்விடும். மரை போனால் ஹேண்டில் ஓடும்போதே சுழலும்.

ஸ்டார்ட் பண்ணி ஓடும் முன்

இந்தப் பகுதியைத் தயவு செய்து யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஹேண்டிலை இடம் வலமாகக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கேபிள்கள் இழுபடக் கூடாது. பெருவிரல் பெற்றோல் டாங்கியில் நசுங்கக் கூடாது.

நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டு அதே மாதிரி திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் சத்தம் தானாகக் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓடினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி தானாகவே வேகம் எடுக்கும். ஹேண்டிலைப் பழைய இடத்துக்குக் கொண்டு போங்கள், அல்லது கராஜில் காட்டுங்கள்.

கிளச் லீவரின் நுனியில், கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு புத்தகத்தில் இருக்கும். முன் பிரேக், பிரேக் லைட், ஹோர்ன் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முதலில் பெரட்டுக்களம் போன்ற சமமான இடத்தில் மெதுவாக ஓடிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து போல்ட்களை இன்னொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

ஹேண்டிலை உயர்த்துவதற்கு இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் பண்ண வேண்டாம். விழுந்து வளைந்த ஹேண்டிலைத் தட்டி நிமிர்த்திப் பாவிக்கவும் வேண்டாம். ஒரு தடவை வளைந்த குழாய் உள்ளே பலம் இழந்திருக்கும். அதை மாற்றுவது தான் புத்தி. டாங்கியின் மேல் குழந்தையை இருத்திக் கொண்டு போவது நம்மிடையே பழக்கமாகி விட்டது. குழந்தை அங்கே இருந்தால் ஹேண்டில் முழுசாகத் திரும்பாது. பிரேக் அடித்தால் முதலில் அடிபடுவதும் அந்தக் குழந்தை தான்.

ஸ்கூட்டரில் ஹேண்டிலை இப்படிச் சுழற்ற முடியாது. இரண்டு துண்டாகத் தனித்தனியே பூட்டிய ஹேண்டில் உள்ள வண்டிகளும் அப்படித்தான். அவற்றில் நாமாகக் கை வைக்காமல் கராஜில் கேட்பதே நல்லது.

ஹேண்டில் மட்டும் போதாது

இறக்கத்தில் முழங்கால் இரண்டாலும் டாங்கியை அணைத்துப் பிடித்தால் உடம்பின் பாரம் கைக்குப் போகாது. கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், விரல்கள் எந்நேரமும் பிரேக்கை இறுக்கத் தேவையில்லை. டயரில் காற்று அளவுக்கு மேல் இருந்தால் குழியின் அடி நேராகக் கைக்கு வரும். குளிருக்குப் போடும் கையுறை மொத்தமாக இருந்தால் பிடிக்க அதிக பலம் வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கையை உதறிக் கொள்ளுங்கள்.

ஹேண்டிலைச் சரி பண்ணிய பிறகும் இராத்திரியில் கை விறைத்தாலோ, தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவினாலோ சும்மா இருக்க வேண்டாம். டிஸ்பென்சரியில் சொல்லி, வைத்தியரிடம் காட்டுங்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு வண்டியைத் தொடாமலேயே இந்த வியாதி வரலாம். அவர்களும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

இது ஒரு லீவு நாள் காலையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு செய்யுங்கள். ஓட்டுகிறவரும் பின்னால் இருக்கிறவரும் ஹெல்மட் போட மறக்க வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக, நம்ம கை நம்ம சொல் கேட்கிற நிலையில் இருக்கட்டும்.