ஞாயிறு மதியமும் சூடாறாப் பெட்டியும்



ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லாரிடமும் விடைபெற்று, இரண்டு பேருந்து மாறி வீடு வந்து சேரும்போது மணி ஒன்றரையைத் தாண்டிவிடுகிறது. பிள்ளைகளின் முகம் பசியினால் வாடியிருக்கிறது. வீட்டிலுள்ள முதியவர் மாத்திரை உட்கொள்ள வேண்டிய வேளை கடந்துபோயிற்று. இந்நிலையில் வழியில் தென்படும் உணவகத்திற்குள் நுழைவதே எளிது என்று பல குடும்பங்கள் முடிவு செய்கின்றன. ஐந்து பேர் உண்டு எழுந்தால், ஒரு வாரக் காய்கறிச் செலவு அந்த ஒரு வேளையிலேயே தீர்ந்துவிடுகிறது. வேறு சில வீடுகளில் சகோதரி விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து குழம்பும் பொரியலும் செய்து முடித்துவிட்டு வருகிறார். பிரசங்க வேளையில் அவருக்குக் கண் சொருகுவதில் வியப்பில்லை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், வாரந்தோறும் இவ்விரண்டில் ஒன்று நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம்மில் அநேகர் விட்டுவந்த பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் அது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. வெளியே உண்பது எப்பொழுது தகும், வீட்டில் மெதுவாகச் சமைப்பது எப்படி என்ற இரண்டு பாடங்களையும் அங்கேயே பெறலாம்.

முதலில் வெளியே உண்பதைப் பற்றிப் பார்ப்போம். பாலக்காடு நகரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், எலப்புள்ளிப் பகுதியில் ராமசேரி என்னும் சிற்றூர் இருக்கிறது. முற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நெசவுத் தொழிலோடு வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களில் சில, அங்கே தலைமுறைகளாக இட்லி செய்து விற்றுவருகின்றன. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தார் என்பது அவர்கள் சொல்லும் செய்தி. தறி கைகொடுக்காத காலத்தில் பெண்களின் கையிலிருந்த மாவு குடும்பங்களைத் தாங்கிற்று என்றும் சொல்லப்படுகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

அந்த இட்லியின் செய்முறையைக் கவனியுங்கள். மண்பானையில் நீர் கொதிக்கிறது. பானையின் வாயில் பொருந்தும் வளையத்தின் குறுக்கே நூலினால் வலை பின்னியிருக்கிறார்கள். வலையின்மேல் துணியை விரித்து, மாவை ஊற்றி, மேலே வேறொரு பானையைக் கவிழ்த்து மூடுகிறார்கள். கீழே விறகுத் தீ எரிகிறது. நீராவி வலையின் கண்களின் வழியாக எழும்பி, துணியை ஊடுருவி, மாவை வேகவைக்கிறது. குழித்தட்டு இல்லாததால் இட்லி சிறு ஆப்பத்தைப்போலத் தட்டையாக வருகிறது. தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியோடு பரிமாறுகிறார்கள். மறுநாளும் மென்மை குன்றாதிருப்பது அதன் சிறப்பு.

இதை நகரத்துச் சமையலறையில் செய்து பார்க்க ஆவல்கொள்ளும் சகோதரிகள் உண்டு. என் அபிப்பிராயத்தில் அந்த முயற்சி வேண்டாம். எரிவாயு அடுப்பிலும் எவர்சில்வர் இட்லிப் பானையிலும் அந்த மண்ணும் துணியும் விறகும் தரும் பதம் வராது. பாலக்காடு வழியாக ஊருக்குச் செல்லும்போது காலையில் இறங்கி, நான்கு இட்லி உண்டு, வழிக்குப் பத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே உண்பதற்கு இதுவே தகுந்த காரணம்: நம்முடைய அடுப்பினால் ஆகாத ஒன்று அங்கே கிடைக்கிறது. சாம்பாருக்கும் பருப்புக் கூட்டுக்கும் கோழிக் குழம்புக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. அவற்றை உணவகத்தில் வாங்குகிறவர்கள், நேரமில்லை என்பதற்காக மாத்திரமே வாங்குகிறார்கள்.

அந்த நேரத்தை மிச்சப்படுத்தும் பெட்டியும் அதே பாலக்காட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் 1962-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1987-இல் அவ்வியக்கம் பாலக்காட்டை அடுத்த முண்டூரில் ஊரகத் தொழில்நுட்ப மையம் ஒன்றை நிறுவியது. புகையைக் குறைத்து விறகை மிச்சப்படுத்தும் 'பரிஷத் அடுப்பை' வீடுவீடாகக் கொண்டுசென்றவர்கள் இவர்களே. இவர்கள் பரப்பிய மற்றொரு பொருள்தான் 'சூடாறாப்பெட்டி'. மலையாளப் பெயரானாலும் தமிழருக்குப் பொருள் சொல்லவேண்டியதில்லை! சூடு ஆறாத பெட்டி, அவ்வளவே. கேரளத்துக் கடைகளில் எவர்சில்வர் உறையோடு 'தெர்மல் ரைஸ் குக்கர்' என்று விற்கப்படுவதும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

தத்துவம் எளியது. பானையில் நீர் கொதித்த பிறகு, எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அதன் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதற்குப்பின் நாம் எரிக்கும் வாயுவில் பெரும்பகுதி ஆவியாகவும், பானையின் சுற்றுப்புறத்தில் வீணாகும் சூடாகவும் போய்விடுகிறது. அரிசியோ 70, 80 பாகையிலும் வேகும். சற்று நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். ஆகையால் கொதிக்கும் பானையை மூடியோடு எடுத்து, சூடு வெளியேறாத பெட்டிக்குள் வைத்துவிட்டால், தீயில்லாமலே வேலை நடக்கிறது. காத்திருக்கவேண்டியது பானை, நீங்கள் அல்ல.

இவ்வகைச் சமையல் உலகத்திற்குப் புதிதன்று. ஓய்வுநாளில் வீடுகளில் நெருப்பு மூட்டலாகாது என்ற கட்டளை யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் இருப்பதை அறிவீர்கள். அதைக் கைக்கொண்ட கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், இறைச்சியும் பயறும் பார்லியும் சேர்ந்த 'சோலண்ட்' என்னும் கூழை வெள்ளிக்கிழமை மாலையிலேயே ரொட்டிச் சாலையின் அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்துவரும் அடுப்பின் சூட்டில் இரவெல்லாம் வெந்து, ஜெப ஆலயத்திலிருந்து திரும்பும் வேளையில் அது ஆயத்தமாயிருக்கும். லித்துவேனியாவின் வில்னா நகரத்து வழக்கத்தைத் தம் குடும்பத்துப் பெண்கள் வாயிலாக அறிந்த இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர், அதைப் பின்பற்றி ஒரு மின்பானையை உருவாக்கி, 1940-இல் காப்புரிமை பெற்றார். 1971-இல் 'கிராக்பாட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது அதன் வழித்தோன்றலே. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் இந்த மின்பானையை வாங்கி அனுப்பும் வீடுகள் உண்டு. எந்நேரத்தில் மின்சாரம் நிற்கும் என்று தெரியாத ஊர்களில் அதை நம்பிப் புறப்படுவதைவிடப் பெட்டியே மேல் என்பேன்.

"குக்கர் இருக்கும்போது பெட்டி எதற்கு?" என்று கேட்பீர்கள். குக்கரில் அழுத்தத்தினால் வெப்பம் 120 பாகை வரை ஏறுவதால் பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும், மறுப்பதற்கில்லை. ஆனால் எரியும் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு ஒருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட முடியாது, புறப்படவும் கூடாது. பெட்டியின்கீழ் தீ இல்லை. நீங்கள் நிம்மதியாகப் போய்வரலாம்.

பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு மரப்பெட்டி அல்லது உறுதியான அட்டைப்பெட்டி போதும். அடியிலும் நான்கு பக்கங்களிலும் மேலேயும் மூன்று அங்குலக் கனத்திற்குக் குறையாமல் தெர்மாகோலோ, பஞ்சோ, பழைய கம்பளியோ இருக்கவேண்டும். பானைக்கும் பெட்டிக்கும் நடுவே வெற்றிடம் விடாதீர்கள். பானையில் முக்கால் பாகமாவது நிறைந்திருக்கவேண்டும். இரண்டு பேருக்கு மாத்திரம் சமைக்கும் சிறிய அளவு விரைவில் ஆறிப்போகும். இடையில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். இதுதான் கடினம்.

பாலக்காட்டு மட்டை அரிசி சாதாரணமாக அடுப்பில் முக்கால் மணி நேரம் நிற்பது. அதை அரைமணி ஊறவைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பெட்டியில் வைத்தால், ஒன்றரை மணி நேரத்தில் வடிக்கலாம். துவரம்பருப்புக்கு ஊறியபின் பத்து நிமிடக் கொதியும் இரண்டு மணி நேரப் பெட்டியும் போதும். கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, மூன்று மணி நேரம் வையுங்கள். புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்தபின்னரே சேர்க்கவேண்டும். புளிப்பு சேர்ந்தால் பருப்பு மசியாது. ஆட்டிறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி அரைமணி கொதிக்கவிட்டு மூன்று மணி நேரம் வைத்தால், எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு இளகிக் குழம்பு தானாகவே கெட்டிப்படும். இந்தச் சுவையைக் குக்கர் தருவதில்லை.

எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். உணவு 60 பாகைக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாய் நெடுநேரம் இருந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். சோற்றில் பெருகும் ஒருவகை நுண்ணுயிர் விடும் நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. ஆகையால் நான்கு மணி நேரத்திற்கு மேல் எதையும் பெட்டியில் விடாதீர்கள். ஆராதனைக்குப் போய்வர அதற்குமேல் ஆகுமானால், குழம்பைச் சனிக்கிழமை மாலையே பெட்டியில் வேகவைத்து, ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஞாயிறு மதியம் நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறலாம். பெட்டியைத் திறக்கும்போது ஆவி எழும்பவேண்டும். வெதுவெதுப்பாய் இருந்தால், மனம் வருந்தினாலும் கொட்டிவிடுங்கள். சர்க்கரை வியாதியுள்ள முதியவரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் ஒரு பானைக் குழம்பு பெரிதல்ல.

சிவப்பு ராஜ்மாவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது. கொதிக்காத இளஞ்சூட்டில் அது அழியாது; அரைவேக்காட்டு ராஜ்மா கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் அரைமணி தளதளவென்று கொதித்த பின்னரே பெட்டிக்குள் போகவேண்டும்.

மலையில் வாழ்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழியாக இடுக்கி மாவட்டத்திற்குள் ஏறி, மறையூர் கடந்து மூணாறு சேர்ந்தால், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். அங்கே நீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம்மவர்களின் தாய்மார், "இந்தக் குளிரிலே பருப்பு வேகாது" என்று சொன்னதற்குக் குளிரைவிட உயரமே காரணம். அங்கே பயறு வகைகளைக் குக்கரில் ஓரிரு விசில் விட்டு, பின்பு பெட்டியில் வைப்பதே சரி.

இடுக்கியில் வெளியே உண்ணத் தகுந்தது எது என்று கேட்டால், எலும்போடு கூடிய மாட்டிறைச்சியும் மரவள்ளிக்கிழங்கும் சேர்த்துக் குழைத்த 'எல்லும் கப்பையும்' என்பேன். 'ஏஷ்யாடு' என்றும் அதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. கிழங்கின் கதையும் சிறிதல்ல. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் பயிரை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காத்தது அதுவே. பஞ்சத்திற்கு உண்ட கிழங்கை இன்று விருந்துக்கு உண்கிறோம்.

இதை வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள், எலும்பிறைச்சியை மாத்திரம் பெட்டியில் வேகவையுங்கள். கிழங்கை வைக்காதீர்கள். மரவள்ளியில், அதிலும் கசப்பு வகைகளில், சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. தோலுரித்து, துண்டாக்கி, திறந்த பாத்திரத்தில் நிறைய நீர்விட்டுக் கொதிக்கவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிடவேண்டும். மூடிய பெட்டியில் அதே நீரோடு வேகவைத்தால், போகவேண்டியது போகாது. வடித்த கிழங்கை மசித்து, வெந்த இறைச்சியோடும் தேங்காய் அரைப்போடும் சேர்த்துக் கிளறிக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் மறையூரில் நின்றால், கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, சாறு பிழிந்த சக்கையையே எரித்து, மணிக்கணக்கில் காய்ச்சுவதைக் காணலாம். பதம் வந்ததும் சூட்டோடு கையால் உருண்டை பிடிக்கிறார்கள். 2019-இல் மறையூர் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிய நிறத்தைக் கண்டு தயங்காமல் இரண்டு கிலோ வாங்கி வாருங்கள். உடைத்த கோதுமையை இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு மணி நேரம் பெட்டியில் வையுங்கள். கோதுமை நன்றாக மலர்ந்த பிறகே வெல்லப்பாகை ஊற்றவேண்டும். முன்னால் ஊற்றினால் மணிகள் விறைத்துப்போய் எத்தனை மணி நேரமானாலும் குழையாது. கடைசியில் தேங்காய்ப்பாலும், தட்டிய இடுக்கி ஏலக்காய் நான்கும் போதும்.