பட்டுச் சேலையின் சிக்கலும் நெசவுக் குழுவின் அளவும்

முன்னுரை

பொருளின் வடிவமைப்புச் சிக்கல் மிகுந்தால் அதனைத் தயாரிக்கும் நிறுவனமும் பெரிதாக வேண்டும் என்பது பொதுவான கருத்து. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆரணி. ஆரணி, காஞ்சிபுரம் பட்டு நெசவைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிக்கத்தக்க சிக்கல்

பட்டுச் சேலை பல தொழில்களின் கூட்டு விளைவு. நூல் முறுக்கேற்றல், சாயமிடல், பாவு தயாரித்தல், நெய்தல் ஆகியவை தனித்தனி இடங்களில் நிகழ்கின்றன. ஒரு நிலையில் முடிந்த பொருளை அடுத்தவர் பார்த்தே சரிபார்த்துக்கொள்ள இயலும். ஒரு பணியை வெளியிலிருந்து பெறுவதற்கும் உள்ளேயே நடத்துவதற்கும் ஆகும் செலவுகளை ஒப்பிட்டே நிறுவனத்தின் எல்லை அமைகிறது என்று ரொனால்டு கோஸ் 1937இல் விளக்கினார். கைமாற்றம் எளிதாக இருப்பதால் இங்கு வீட்டுத்தறிகளே போதுமானவையாக உள்ளன.

ஜக்கார்டு கருவியும் இத்தகையதே. முன்னர்ச் சித்திர வேலைப்பாட்டிற்குப் பாவு நூல்களைத் தூக்கிவிடத் தனி உதவியாளர் தேவைப்பட்டார். துளையிட்ட அட்டைகள் வந்தபின் அச்சிக்கல் தறியைவிட்டு அட்டை தயாரிப்பவரிடம் இடம்பெயர்ந்தது. சேலையின் வேலைப்பாடு கூடியபோதும் தறியில் ஆள் கூடவில்லை.

பிரிக்கவியலாச் சிக்கல்

காஞ்சிபுரத்தின் கோர்வை நெசவு இதற்கு மாறானது. உடல் ஒரு நிறத்திலும் இருபுறக் கரைகள் வேறு நிறத்திலும் அமைவதால் மூன்று நாடாக்கள் இயங்குகின்றன. ஒவ்வோர் ஊடை இழையிலும் உடல்நூல் கரைநூலுடன் பிணைக்கப்படுகிறது. இதனைத் தனித்தனியே நெய்து பின்னர் இணைக்க இயலாது. நெசவாளரும் உதவியாளரும் ஒரே தறியில் ஒருங்கே இயங்க வேண்டும். ஒருவரது வேகம் குறைந்தால் இருவர் பணியும் தடைப்படும்.

மூன்றாமவரைச் சேர்ப்பதால் விரைவு கூடாது. n பேர் கொண்ட குழுவில் n(n–1)/2 தொடர்புகள் உருவாகும் என்பதை மென்பொருள் துறை சார்ந்து பிரெடரிக் புரூக்ஸ் 1975இல் எடுத்துக்காட்டினார். இருவரிடையே ஒன்றாக உள்ள தொடர்பு அறுவரிடையே பதினைந்தாகிறது.

முடிவுரை

நிறுவனத்தின் அளவைச் சிக்கலின் மிகுதியைவிட அது பிரிக்கத்தக்கதா என்பதே தீர்மானிக்கிறது. கோர்வைத் தறியின் உதவியாளர் பெரும்பாலும் குடும்பத்துச் சிறுவராகவோ பெண்ணாகவோ இருந்தார். சிறுவர்கள் பள்ளிக்குச் செல்வது வரவேற்கத்தக்கது; ஆயினும் அவ்விடத்திற்கு ஊதியம் பெறும் ஒருவர் வரவேண்டும். சேலையின் விலையில் இரண்டாமவரின் கூலியும் அடங்காவிடில், அந்நுட்பம் ஒற்றை நாடாச் சேலைக்கு இடம்விட்டு மறையும்.