ஏன் இறந்தாள் என்று கேட்போம், இன்னொரு தாயைக் காப்போம்



பிள்ளை பெறப் போன பெண் பிணமாகத் திரும்பினால் ஊரே அழுகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "அவ விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிறந்த இரண்டாம் நாளே குழந்தை இறந்துவிட்டால் அதற்குப் பேர்கூட வைத்திருக்கமாட்டோம். ஆனால் இந்த மரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை. எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்காக நடப்பதுதான் மரண ஆய்வு.

எந்த மரணங்களை ஆய்வு செய்கிறார்கள்?

கர்ப்பமான நாள் முதல், பிரசவம் ஆகியோ கரு கலைந்தோ 42 நாட்கள் முடியும்வரை தாய் இறந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தை இறந்தால் அது பச்சிளங்குழந்தை மரணம். வீட்டில் இறந்தாலும், வழியில் இறந்தாலும், தனியார் மருத்துவமனையில் இறந்தாலும் கணக்கில் வரவேண்டும்.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பெயர் பதிவாகியிருப்பது புகுந்த வீட்டு ஊரில், இறப்பது பிறந்த ஊரில். "அவங்க எழுதுவாங்க" என்று இரண்டு ஊர் செவிலியர்களும் விட்டுவிட்டால் ஒரு உயிர் கணக்கிலிருந்தே மறைந்துபோகும்.

ஆய்வு எப்படி நடக்கிறது?

தாய் இறந்த தகவல் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குப் போகவேண்டும். பிறகு மருத்துவக் குழுவினர் வீட்டுக்கு வந்து உறவினர்களிடம் விசாரிப்பார்கள். மருத்துவமனைக் குறிப்புகளையும் பார்ப்பார்கள். மாவட்ட ஆட்சித் தலைவர் தலைமையிலும் கூட்டம் நடக்கும். அதற்கு இறந்தவரின் உறவினர்களையும் அழைத்துக் கேட்கவேண்டும் என்பது 2010-ம் ஆண்டு வெளியான தேசிய வழிகாட்டி சொல்வது. குழந்தை மரணங்களுக்கு 2014-ல் தனி வழிகாட்டி வந்தது.

அங்கே மூன்று தாமதங்களைத் தேடுவார்கள். ஆபத்தை உணர்ந்து புறப்பட வீட்டில் தாமதமா? வண்டி கிடைத்துப் போய்ச் சேர வழியில் தாமதமா? போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கத் தாமதமா? பிள்ளைப்பேற்றுக்குப் பின் கடுமையாக இரத்தம் போனால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். பிறந்து அழாத குழந்தைக்கு முதல் நிமிடமே முக்கியம்.

"இரத்தப்போக்கால் மரணம்" என்று எழுதிவிட்டால் ஆய்வு முடிந்துவிடாது. ஊசி போட்டும் ஏன் இரத்தம் நிற்கவில்லை? ஆக்சிடோசின் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்திருந்தார்களா, ஜன்னலோரத்தில் வைத்திருந்தார்களா? இரத்தம் ஏற்றவேண்டும் என்று எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்கு ஏற்றினார்கள்? இப்படி ஒவ்வொரு "ஏன்" என்ற கேள்விக்கும் விடை கிடைத்தால்தான் அடுத்த தாய் பிழைப்பாள்.

பலன் உண்டா?

தமிழ்நாட்டில் 1994-ம் ஆண்டு முதல் தாய் மரணங்களை ஆய்வு செய்து வருகிறார்கள். 2004-ல் அரசாணை மூலம் இது கட்டாயமானது. 2001-03 கணக்குப்படி இங்கே ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54 ஆகக் குறைந்தது. ஆய்வு மட்டுமே இதைச் சாதித்துவிடவில்லை. 24 மணி நேரப் பிரசவ வசதி, இரத்த வங்கி, 108 வண்டி எல்லாம் சேர்ந்த பலன் இது. ஆனால் எந்த ஊரில் எது குறைகிறது என்று காட்டிக்கொடுத்தது ஆய்வுதான்.

அப்படியானால் ஏன் சில இடங்களில் ஆய்வு படுத்துவிடுகிறது?

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு ஆய்வுக் கூட்டம். ஜன்னி கண்டு இறந்த பெண்ணைப் பற்றிய விசாரணை. ஒரு செவிலியர் எழுந்து, "பிரஷர் பார்க்கிற கருவி ரெண்டு மாசமா ரிப்பேர் சார், அதனால பார்க்கலை" என்று உள்ளதைச் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு ஏச்சு கிடைத்தது, அடுத்த வாரம் மெமோவும் வந்தது. கருவி மட்டும் வரவில்லை. அடுத்த மாதம் முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரத்த அழுத்தம் 120/80 என்றே எழுதி வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

உண்மை சொன்னவருக்குத் தண்டனை கிடைத்தால் அடுத்தவர் உண்மை சொல்லமாட்டார். அறிக்கை மட்டும் ஒழுங்காக வரும், தாய்மார்கள் இறந்துகொண்டே இருப்பார்கள். ஆகவேதான் "யார் தப்பு" என்று பார்க்காமல் "எங்கே ஓட்டை" என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஆய்வில் சொல்வது இரகசியமாக இருக்கவேண்டும். தண்டிப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஆய்வு தொடர்ந்து நடக்க என்ன வேண்டும்?

ஊழியர்களுக்கு: ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாக, போன கூட்டத்தில் முடிவானது நடந்ததா என்று கேளுங்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வையுங்கள். 2017-ல் வந்த தேசிய வழிகாட்டி வெறும் ஆய்வு போதாதென்று கண்காணிப்பும் நடவடிக்கையும் என்றே பெயர் வைத்தது. முடிவைத் தகவல் கொடுத்த செவிலியருக்கும் தெரிவியுங்கள். அதிகாரி மாறினாலும் கூட்டத் தேதி மாறக்கூடாது. மரணமே இல்லாத மாதத்தில் கூட்டத்தை விட்டுவிடாமல், சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த தாயைப் பற்றி ஆராயுங்கள்.

குடும்பத்தாருக்கு: வீட்டுக்கு வந்து கேட்பவர்களைக் கண்டு பயப்படவேண்டாம். "போன உசிரு திரும்பி வரப்போகுதா?" என்று கதவைச் சாத்தவேண்டாம். எத்தனை மணிக்கு வலி வந்தது, எங்கெங்கே அனுப்பினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தாயும் சேயும் இறந்த செய்தி காதில் விழுந்தால் உடனே கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவியுங்கள்.

போன உயிர் திரும்பாதுதான். ஆனால் அந்த மருமகள் ஏன் இறந்தாள் என்று மாமியார் சொல்லும் வார்த்தை, பக்கத்துத் தெருவில் நிறைமாதமாக இருக்கும் பெண்ணைக் காப்பாற்றும்.

மறைத்த மரணம் மீண்டும் வரும்! ஆராய்ந்த மரணம் உயிர் காக்கும்!