அமர்ந்து கணக்கிடுவோம்

ஐம்பது வயதுடன் தொழிலை விட்டு, ஜெபத்திலும் ஊழியத்திலும் பேரப்பிள்ளைகளோடும் நாட்களைக் கழிக்கும் ஆவல் நம்மிற் பலருக்கு உண்டு. அது தவறானதன்று. ஆயினும் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் செலவைக் கணக்கிட வேண்டுமென்று ஆண்டவர் உரைத்த உவமை (லூக்கா 14) இவ்விடயத்திற்கும் பொருந்தும்.

தனியார் துறையினருக்குப் பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதியே அத்திவாரம். ஊழியரின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேர்ந்த அத்தொகையை, வயதின் அடிப்படையில் பெண்கள் 50இலும் ஆண்கள் 55இலுமே பெறலாம். ஐம்பதில் விலகும் ஆண் இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு என் செய்வார்?

50 இலட்சம் ரூபாவை 8 வீத வட்டிக்கு வைப்பிலிட்டால் மாதம் ஏறத்தாழ 33,000 ரூபா கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 வீதமே ஏறினாலும், 14 ஆண்டுகளில் அதன் பெறுமதி பாதியாகிவிடும். வட்டி முழுவதையும் செலவிடுபவரின் முதலும் இவ்வாறே கண்ணுக்குத் தெரியாமல் தேய்கின்றது. 2022ஐ மறந்தோமா? அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், சேமலாப நிதி அவ்வாண்டுக்கு வழங்கிய வட்டியோ 9 வீதம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் வரவில் எழுதுவோர் உளர். அது அன்பின் கொடை. அதை வருமானமாக எண்ணுவது அவர்கள் தோளில் நாம் ஏற்றும் பாரம்.

ஆகவே, பதவி விலகற் கடிதம் எழுதுமுன் ஓராண்டு காலம் அந்த வட்டித் தொகைக்குள் மட்டும் குடும்பமாக வாழ்ந்து பாருங்கள். மருந்து, கூரைத் திருத்தம், மரணவீடு, திருமணம் யாவும் அதற்குள்ளேயே அடங்கட்டும். எஞ்சும் சம்பளம் வைப்பில் சேரட்டும்.