தகவல் இருக்கு, ஆனா தேடினா கிடைக்காது: டேட்டாபேஸைக் குழப்பும் அகர வரிசை

'11', '1-1'. இந்த இரண்டில் எது முதலில் வரும்?

ஆங்கில அமைப்பில் ஓடும் பழைய லினக்ஸ் சர்வரிடம் கேட்டால் '11' என்று சொல்லும். புதிய லினக்ஸோ '1-1' என்கிறது. 'இதுல என்ன இருக்கு?' என்றுதான் தோன்றும். ஆனால், இந்தச் சின்ன மாற்றம் பல டேட்டாபேஸ்களில் தேடலையே தடுமாற வைத்தது.

டேட்டாபேஸுக்கான பொது மொழி எஸ்.க்யூ.எல். 'பெயர் வரிசைப்படி அடுக்கு' என்று எப்படிக் கேட்பது என்பதை அதன் தரநிலை சொல்கிறது. எந்த மொழியில் எந்த எழுத்துக்குப் பிறகு எது என்பதை அது நிர்ணயிப்பதில்லை. தரநிலையைப் பெருமளவு பின்பற்றும் போஸ்ட்கிரஸ், அந்த வேலையை வழக்கமாக ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் விட்டுவிடும். லினக்ஸில் பெரும்பாலும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட இரவல் அகராதி மாதிரி.

2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28, சர்வதேசத் தரத்தின் புதிய பதிப்புக்கு ஏற்ப இந்த வரிசையைப் பெரிய அளவில் மாற்றியது. டெபியன் 10, ரெட் ஹேட் 8 என அடுத்தடுத்து வந்த வெர்ஷன்களில் அதுவும் சேர்ந்தே வந்தது.

சிக்கல் இன்டெக்ஸில். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, இன்டெக்ஸ் தகவல்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும். தேடும்போது 'இதற்கு முன்பா, பின்பா?' என்று கேட்டுக்கேட்டுப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போகும். அடுக்கியது பழைய விதி, தேடுவது புதிய விதி என்றால்? தப்பான பக்கம் திரும்பிவிடும். தகவல் உள்ளேயே பத்திரமாக இருக்கும். 'அப்படி எதுவும் இல்லை' என்று பதில் வரும். எரர் மெசேஜ்கூட வராது என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

ஒரு கடையின் பொருள் பட்டியலில் 'ஒரே கோடு இரண்டு முறை வரக்கூடாது' என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே இருக்கும் கோடு டேட்டாபேஸ் கண்ணுக்குப் படாததால், அதே கோடை மறுபடியும் ஏற்றிக்கொள்ளும். மெயின் சர்வர் பழைய லினக்ஸிலும், அதன் நகல் புதிய லினக்ஸிலும் ஓடினாலும் இதே கதைதான்.

அப்போ இரவலே வேண்டாமே? போஸ்ட்கிரஸ் 17 அப்படியொரு வழியைத் தருகிறது. யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினாலும் இது மாறாது. ஆனால், தமிழுக்கு அது சரிப்படாது. யூனிகோடில் 'ர'வுக்கு அடுத்தே 'ற' இருப்பதால் 'அறம்' முதலில் வரும், 'அவல்' பிறகு. நம் அகராதியில் நேர் எதிர். ஐ.சி.யு. என்ற தனி நூலகம் மொழிக்கேற்ற வரிசையைத் தரும். போஸ்ட்கிரஸ் 10 முதல் அதையும் பயன்படுத்தலாம். என்ன, அதுவும் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறக்கூடியதுதான்.

போஸ்ட்கிரஸ் 15 முதல் டேட்டாபேஸின் வரிசை விதி எந்த வெர்ஷன் என்பது பதிவாகிறது. மாறினால் எச்சரிக்கை வரும். அதை கவனித்து, எழுத்து சார்ந்த இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியது அட்மின் பொறுப்பு. அதற்குள் இரட்டைப் பதிவுகள் நுழைந்திருந்தால் அந்தக் கட்டுமானம் பாதியில் நின்றுவிடும். எது அசல், எது நகல் என்று ஆள் உட்கார்ந்து பார்த்து நீக்கிய பிறகுதான் மேற்கொண்டு நகர முடியும்.